ரைன் நதிக் கோட்டையும் ஒரு அரை பிளேடும்

(2024-ஆம் ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில், 1971–74 பி.ஏ. வரலாறு வகுப்பு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே தரப்படுகிறது.)



செயலாளர் எனக்கு போன் பண்ணி, "சார், இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "பழைய எங்கிரேவிங் படங்களில் வரும் ஆறு, மலை, இடிந்த கோட்டை" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "சார், நம்ம காலேஜுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் இதோ இந்தக் கவருக்குள் இருக்கிறது. கடைசியில் திறக்கிறேன். அதற்குள் யாரும் எழுந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

நான் படித்த காலத்தில் நூலகம் மாடியில் இருந்தது. வெளியே கொடுக்கக் கூடாத புத்தகங்களைப் பச்சை இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி நூலக உதவியாளரிடம் இருக்கும். அவரை எல்லோரும் 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். மத்தியான வேளையில் கூட்டம் இல்லாதபோது, "அண்ணே, அந்தப் படப் புஸ்தகம்" என்பேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, "கை கழுவிட்டுத் தொடுங்க தம்பி" என்பார்.

அது ரைன் நதிக் காட்சிகள் அடங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகம். முதல் பக்கம் அப்போதே கிழிந்து போயிருந்தது. ஆகவே யார் போட்டது, எந்த வருஷம் என்பதெல்லாம் தெரியாது. படங்கள் மட்டும் கண்ணைப் பறித்தன. அதில் ஒரு படத்தில் மலை உச்சியில் இடிந்த கோட்டை, கீழே ஒரு சிற்றூர், தேவாலயக் கோபுரம், வளைந்து ஓடும் ஆறு, பாய் விரித்த படகு, கரையில் கூடையோடு இரண்டு பெண்கள். படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல்: ரைன்ஃபெல்ஸ். இடது ஓரத்தில் வரைந்தவர் பெயரும் வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் கடுகு அளவில் இருந்தன.

1973-ல் ஒரு நாள் சவரப் பிளேடில் பாதியை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். அண்ணன் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரம். தையல் ஓரமாக ஒரே இழுப்பு. படம் என் நோட்டுக்குள் வந்துவிட்டது.

ஆமாம், திருடினேன். இந்த மேடையில் நின்று இதைச் சொல்ல எனக்கு 51 வருஷம் ஆகியிருக்கிறது.

விடுதி டிரங்குப் பெட்டியில் இருந்த அந்தப் படம், பிறகு நான் வங்கி வேலையில் ஊர் ஊராக மாற்றலானபோதெல்லாம் கூடவே வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். பின்பக்கம் கல்லூரி முத்திரை ஊதா மையில் இருக்கும். அது சுவரைப் பார்த்தபடி இருந்ததால் யாருக்கும் தெரியாது. என் மனைவி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இவ்ளோ பெரிய கோட்டைய யாரு இடிச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தைப் புத்தகத்திலேயே விட்டு வந்தவனுக்கு எப்படித் தெரியும்? வரலாறு படித்தவன் என்று வேறு பெயர்! அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்த விஷயத்துக்குள் போனேன்.

முதலில் இந்தப் படங்கள் எப்படித் தயாராயின என்று சொல்லிவிடுகிறேன். ஓவியர் நேரில் போய் வரைந்து வருவார். செதுக்குபவர் அதைப் பார்த்து ஓர் உலோகத் தகட்டில் இடம் வலமாக மாற்றிச் செதுக்குவார். அச்சில் விழும்போது அது நேராகிவிடும். தகட்டில் மெழுகுப் பூச்சு போட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் அரிக்கும். அதன் மேல் கூரான சின்ன உளியால் கோடு கோடாக வேலை செய்வார்கள். மை தடவித் துடைத்தால் மேல்பரப்பில் இருப்பது போய்விடும். பள்ளத்தில் இருப்பது நிற்கும். ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் அந்த மை காகிதத்தில் ஏறும். படத்தில் வானத்தைப் பார்த்தால் மயிரிழை மாதிரி இணைகோடுகள் இருக்கும். அதைக் கோடு போடும் இயந்திரம் வைத்தே போட்டார்கள்.

முன்பெல்லாம் செப்புத் தகடுதான். செம்பு மெத்தென்ற உலோகம். சில நூறு பிரதிகளிலேயே நுணுக்கமான கோடு தேய ஆரம்பித்துவிடும். அமெரிக்கரான ஜேக்கப் பெர்கின்ஸ் பணநோட்டு அச்சடிப்பதற்காக எஃகுத் தகட்டு முறையை வளர்த்தார். 1819-ல் அவர் இங்கிலாந்து வந்தார். 1820-களில் அந்த முறை புத்தகப் படங்களுக்கும் வந்தது. ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், கோடும் தேயாது. நான் வாழ்நாள் முழுக்க எண்ணிய நோட்டுக்கும், நான் திருடிய படத்துக்கும் ஒரே தாய் என்று தெரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

எஃகுத் தகடு வந்ததால் படப் புத்தகம் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. 1832-ல் லண்டனில் வெளியான வில்லியம் டோம்பிள்சனின் ரைன் காட்சிகள் அந்த வரிசையில் மிகவும் பெயர் பெற்றது. நம் நூலகத்துப் புத்தகமும் அந்தக் காலத்து வகைதான்.

சரி, கோட்டையை யார் இடித்தது?

ரைன் நதி ஜெர்மனியில் பிங்கன் ஊரிலிருந்து கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் மலைகளுக்கு இடையே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்தச் சிறு தூரத்தில் சுமார் 40 கோட்டைகள். இவ்வளவு கோட்டை எதற்கு? முக்கியமான காரணம் சுங்கம். நதியில் போகும் சரக்குப் படகை மறித்து வரி வாங்குவது. ரைன்ஃபெல்ஸ் கோட்டையை 1245-ல் கட்டியவர் கட்ஸென்எல்ன்போகன் என்ற வம்சத்துப் பிரபு. பெயரைச் சொல்லவே ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். அவர் போட்ட வரி தாங்காமல் ரைன் கரை நகரங்கள் ஒன்றுகூடி 1255-ல் கோட்டையை முற்றுகையிட்டன. ஓராண்டுக்கு மேல் முயன்றும் பிடிக்க முடியவில்லை.

காவுப் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவிலேயே கப்பல் மாதிரி ஒரு கோட்டை நிற்கிறது. அதுவும் 14-ஆம் நூற்றாண்டில் சுங்கத்துக்காகக் கட்டியதே. எங்கிரேவிங்கில் அதைப் பார்த்தால் ஏதோ கந்தர்வர்கள் கட்டிய மாளிகை போல இருக்கும். உண்மையில் அது நம்ம ஊர் செக்போஸ்ட்!

மத்தேயுஸ் மேரியன் என்பவர் 1642 முதல் ஜெர்மன் நாட்டு ஊர்களின் படத் தொகுதிகளை ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியிட்டார். அவற்றில் இந்த நதிக்கரைக் கோட்டைகள் பலவற்றைக் கூரையோடும் கோபுரத்தோடும் முழுசாகப் பார்க்கலாம். அவர் காட்டியது மக்கள் வாழ்ந்த இடம். 1832-ஐ ஒட்டி வந்த படங்களில் அதே மலை மேல் பாதிச் சுவர்தான் நிற்கிறது. இடையில் என்ன நடந்தது?

1689-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் இந்தப் பகுதியில் ஊர் ஊராகக் கொளுத்தின. எஹ்ரன்ஃபெல்ஸ், ஸ்டோல்ஸன்ஃபெல்ஸ் முதலான கோட்டைகள் அந்த வருஷம் அழிந்தன. ரைன்ஃபெல்ஸ் மட்டும் 1692-ல் பெரும் படையை எதிர்த்துத் தாக்குப்பிடித்தது. ஆனால் 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது சண்டையே இல்லாமல் விழுந்தது. 1796, 97-ல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். பிறகு அதன் கற்களையும் கட்டட வேலைக்கு எடுத்துப் போனார்கள்.

ஆக, இந்தப் படத்தை வரைந்தபோது கோட்டை இடிந்து நாற்பது வருஷம்கூட ஆகியிருக்காது. வெடிச் சத்தம் கேட்டவர்கள் அந்த ஊரில் உயிரோடு இருந்திருப்பார்கள். படத்தில் கூடை வைத்திருக்கும் பெண்களின் அம்மாவுக்கு அந்த நாள் நினைவிருந்திருக்கும். நான் பல வருஷம் அதை ஏதோ காலத்தால் சிதைந்த பழம்பெரும் கோட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலம் இடிக்கவில்லை. ஆட்கள் இடித்தார்கள். படத்தில் சுவர் மேல் படர்ந்திருக்கும் கொடி அதை அழகாக மறைத்துவிட்டது.

இடிந்தது ஏன் அழகாகத் தெரிந்தது என்ற கேள்வி எழுகிறது. இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1782-ல் வை நதிப் பயணத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இயற்கையைப் பார்க்கும்போது ஒரு ஓவியத்தைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே டின்டர்ன் என்ற இடிந்த மடாலயம் இருக்கிறது. அதன் சுவர் முனைகள் ரொம்ப நேராக நிற்கின்றன, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் காட்சி இன்னும் நன்றாக இருக்கும் என்ற பொருளில் எழுதிவைத்தார்! ரசனை எந்த அளவுக்குப் போகும் பாருங்கள்.

நெப்போலியன் போர்கள் 1815-ல் முடிந்ததும், அதுவரை கண்டத்துக்குப் போக முடியாமல் இருந்த ஆங்கிலேயர்கள் திரளாகப் புறப்பட்டார்கள். 1816-ல் கவி பைரன் ரைன் நதியைப் பாடினார். 1817-ல் ஓவியர் டர்னர் நதிக்கரையில் நடந்தே போய் ஸ்கெட்ச் போட்டுவந்து, சுமார் 50 நீர்வண்ணப் படங்கள் தீட்டினார். 1827-ல் கொலோன், மைன்ஸ் நகரங்களுக்கிடையே நீராவிக் கப்பல் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. மறு வருஷமே ரைன் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் ஜெர்மன் மொழியில் வந்தது. அதைப் பிறகு எடுத்து நடத்தியவர்தான் உலகப் புகழ்பெற்ற பெடக்கர். கப்பலில் வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது நினைவுக்கு ஒரு படப் புத்தகம் வேண்டாமா? அந்தச் சந்தைக்குத்தான் எஃகுத் தகடுகள் ஓடின.

2017-ல் மகள் ஜெர்மனியில் வேலையாக இருந்ததால் நானும் மனைவியும் போனோம். "எங்கப்பா போகணும்?" என்றாள். "ரைன்ஃபெல்ஸ்" என்றேன். பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று எதிர்பார்த்த என் மனைவியின் முகத்தை நான் இங்கே வர்ணிக்க விரும்பவில்லை. அவரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

சாங்க்ட் கோவார் என்ற ஊரில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். முதலில் ஏமாற்றம். மலை படத்தில் இருக்கிற உயரம் இல்லை! எங்கிரேவிங்காரர்கள் மலையைக் கொஞ்சம் தூக்குவார்கள், சரிவைச் செங்குத்தாக்குவார்கள். மனிதர்களைச் சின்னதாக்கினால் கோட்டை பெரிதாகிவிடும். பொய் என்று சொல்ல மாட்டேன். ஜாதகத்தோடு அனுப்புகிற பெண்பார்க்கும் போட்டோவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன படத்தின் நகலை வைத்துப் பார்த்தபோது, அத்தனை வருஷம் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. படத்தின் வலது ஓரத்தில் ஒரு குதிரை, அதிலிருந்து ஒரு கயிறு. அந்தக் கயிறு படகுக்குப் போகிறது. எதிர்நீரோட்டத்தில் போகும் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்துப் போன காலம் அது. கருங்காட்டு மரங்களைக் கட்டி, பல நூறு அடி நீளத் தெப்பங்களாக ஹாலந்து வரை ஓட்டிப் போனார்கள். ஒரு தெப்பத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் இருப்பார்களாம். செங்குத்தான சரிவில் கல் அடுக்கிப் படி கட்டி, முதுகில் கூடை சுமந்து திராட்சை வளர்த்தார்கள். இவர்களெல்லாம் படத்தில் இருக்கிறார்கள், ஆனால் அளவில் எறும்பு. ஆறு அவர்களுக்குக் காட்சியாக இருக்கவில்லை. சோறு போட்டது.

இப்படிச் சொல்வதால் அந்தப் படங்களால் நன்மையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்து இன்னும் வடக்கே, பான் நகருக்கு அருகில், டிராக்கன்ஃபெல்ஸ் என்று 321 மீட்டர் உயர மலை. உச்சியில் இடிந்த கோட்டை. 1248-ல் தொடங்கிய கொலோன் பேராலயத்துக்கு அந்த மலையிலிருந்துதான் கல் வெட்டிப் போனார்கள். பேராலய வேலை 16-ஆம் நூற்றாண்டில் நின்றுபோய், கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி மட்டும் முந்நூறு வருஷம் நின்றது. 1820-களில் மறுபடி வேலைக்கென்று கல் வெட்ட ஆரம்பித்தார்கள். கோட்டைக்கு அடியிலேயே குவாரி. சுவர் சரியத் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பி, பிரஷ்ய அரசு வெட்டுவதை நிறுத்தியது. 1836-ல் குவாரி நிலத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்பின் முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். பைரன் பாடிய மலை, நூறு படங்களில் பார்த்த மலை. அதனால்தான் அது இல்லாமல் போவதை ஜனங்களால் தாங்க முடியவில்லை. என் ரைன்ஃபெல்ஸையும், மேலும் கல் பெயர்க்காமல் காப்பாற்ற, 1843-ல் பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்ம் வாங்கினார். 2002-ல் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

இதே ரசனை நம் பக்கமும் வந்தது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792-ல் நம் ஊர்களில் பயணம் செய்து ராயக்கோட்டை மலைக்கோட்டை, காவிரியிலிருந்து தெரியும் திருச்சி மலை இவற்றையெல்லாம் வரைந்தார்கள். லண்டனில் 1795 முதல் 1808 வரை வெளியான அவர்களுடைய 144 படத் தொகுதியில் இவை இருக்கின்றன. மைசூர்ப் போர் முடிந்த சூட்டோடு வரைந்தவை. அங்கேயும் மலை அழகாக இருக்கிறது. போரைப் பற்றி வெறும் படம் எதுவும் சொல்வதில்லை. தம்பி தங்கைகளே, அந்தப் படங்களை இன்று நீங்கள் கையிலிருக்கும் போனிலேயே பார்க்கலாம். பார்க்கும்போது, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். நான் செய்த தவறைச் செய்யாதீர்கள்.

இனி மிச்ச விஷயம். சாங்க்ட் கோவாரில் ஒரு கடையில் பழைய எங்கிரேவிங்குகளைத் தனித்தனித் தாளாக, வர்ணம் தீட்டி, அட்டை வைத்து விற்றார்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. புத்தகமாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம். பல படப் புத்தகங்கள் இப்படித்தான் உலகத்தில் இல்லாமல் போயின. மனைவி காதில் மெல்லச் சொன்னாள்: "உங்க தொழில்காரங்க போலிருக்கு." அவளிடம் நான் அதற்குச் சில வருஷம் முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அண்ணன் நினைவு.

1974-ல், நாங்கள் கடைசித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, நூலகத்தில் கணக்கெடுத்தார்கள். படம் இல்லாதது தெரிந்தது. சாவி யாரிடம் இருந்தது? அண்ணனிடம். சம்பளத்தில் மாதாமாதம் ஐந்து ரூபாய் பிடித்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். தேர்வு முடிந்த அன்று வாசலில் என்னைப் பார்த்து, "நல்லா எழுதினீங்களா தம்பி?" என்று கேட்டார். நன்றாக எழுதினேன் என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. 1991-ல் பணத்தோடு தேடிப் போனேன். முந்தின வருஷமே காலமாகிவிட்டார் என்றார்கள். அந்தக் கடன் அடையாத கடன். இன்றைக்கு இந்த அரங்கத்தில் சொல்கிறேன்: அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னுடையது.

போன மாதம் நூலகரைச் சந்தித்து உண்மையைச் சொன்னேன். அவர் பழைய பதிவேட்டைப் பார்த்து, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். பைண்டிங் போய், துணி நாடாவால் கட்டிவைத்திருக்கிறார்கள். பிரித்தேன். விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு விளிம்பு, என் கை வேலை. அதற்கு எதிர்ப் பக்கத்திலேயே ரைன்ஃபெல்ஸின் கதை முழுக்க அச்சாகியிருந்தது. யார் கட்டினார்கள், யார் முற்றுகையிட்டார்கள், யார் வெடி வைத்தார்கள், எல்லாம். என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பக்கத்தில்தான் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

இதோ கவரைத் திறக்கிறேன். முதல்வர் அவர்களே, ரைன்ஃபெல்ஸ். உங்கள் கல்லூரிக்குச் சொந்தமானது. பசை போட்டு ஒட்ட வேண்டாம் என்று நூலகர் சொல்லியிருக்கிறார். அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு அதே பக்கத்தில் வைப்பாராம். வைத்தபின் புத்தகம் முழுவதையும் ஸ்கேன் எடுக்கும் செலவு என்னுடையது. படத்தோடு எழுத்தையும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. பொருளடக்கத்தோடு சரிபார்த்ததில் அந்தப் புத்தகத்தில் என்னுடையது தவிர இன்னும் ஏழு படங்கள் இல்லை. அந்த ஏழு பேரில் யாராவது இந்த அரங்கில் இருக்கலாம். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், நான் முகங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். படம் மட்டும் இல்லை. கல்லூரி முத்திரை போட்ட எந்தப் புத்தகம் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள். நூலகர் பெயர் கேட்க மாட்டார், அபராதமும் கேட்க மாட்டார். எனக்கு உறுதி சொல்லியிருக்கிறார். கை கழுவிவிட்டு எடுத்து வாருங்கள்.